வெளிநாட்டு பிஸ்கட் பாக்கெட்டில் தேதி பார்ப்பது எப்படி?

ஒருமுறை 03/08/25 என்று அச்சிட்ட பிஸ்கட் பாக்கெட்டை ஜூலையில் பிரித்தேன். ஆகஸ்ட் வரை தாங்கும் என்று நினைப்பு. ஆனால் அது அமெரிக்கத் தயாரிப்பு. அங்கே மாதம்தான் முதலில் வரும். கெடு மார்ச் 8-லேயே முடிந்திருந்தது. வயிற்றுக்கு ஒன்றும் ஆகவில்லை, பிஸ்கட்தான் நமுத்துப் போயிருந்தது.

இப்போதெல்லாம் முதலில் நாட்டைப் பார்க்கிறேன், அப்புறம்தான் தேதியை. ஜப்பான், கொரியா, சீனா என்றால் ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசை. சீனப் பாக்கெட்டில் இன்னொரு சிக்கல்: பல நேரம் தயாரித்த தேதி மட்டும் இருக்கும். எத்தனை மாதம் தாங்கும் என்பதை வேறோர் இடத்தில் தேடி, நாமே கூட்டிக்கொள்ள வேண்டும். இது தெரியாமல் நல்ல பாக்கெட்டையே குப்பையில் போட்டவன் நான். தாய்லாந்துப் பாக்கெட்டில் 2568 என்று இருந்தால் மிரள வேண்டாம். அது புத்த ஆண்டு. 543-ஐக் கழித்தால் 2025.

ஐரோப்பாவில் 'பெஸ்ட் பிஃபோர்' என்பது சுவைக்கும் மொறுமொறுப்புக்குமான கெடு. 'யூஸ் பை' பாதுகாப்புக்கானது. அதைத் தாண்டினால் தொடாதீர்கள். சிப்ஸ், பிஸ்கட்டில் பெரும்பாலும் முதல் வகைதான் இருக்கும். ஆனாலும் பருப்பு, எண்ணெய்ப் பண்டங்களில் காறல் வாடை வந்தால் தேதியே பார்க்க வேண்டாம், தூக்கிப் போடுங்கள்.

பழைய தேதியை மறைத்துப் புது ஸ்டிக்கர் ஒட்டியிருந்தால்? நான் வாங்குவதில்லை.