சங்கத்தின் கோப்புகளைச் சங்கத்திடமே வைத்திருப்பது எப்படி?

2008, 2009 ஆம் ஆண்டுகளின் போர்க்கால இடப்பெயர்வில் வன்னியின் கிராமச் சங்கங்கள் பல தமது உறுப்பினர் பதிவேடுகளையும் கணக்குப் புத்தகங்களையும் இழந்தன. இன்று அந்தப் பதிவுகள் கணினியில் இருக்கின்றன என்பது உண்மைதான். ஆனால் பெரும்பாலும் அவை செயலாளரின் சொந்தக் கைபேசியிலும் சொந்த மின்னஞ்சலிலுமே கிடக்கின்றன. நிர்வாகம் மாறும்போது அவரோடு சேர்ந்து அவையும் போய்விடுகின்றன.

ஆகவே முதலில் சங்கத்தின் பெயரிலேயே ஒரு மின்னஞ்சல் கணக்கைத் திறந்து, எல்லாக் கோப்புகளையும் அதன்கீழ்க் கொண்டுவாருங்கள். கடவுச்சொல்லைத் தலைவரும் செயலாளரும் அறிந்திருக்க வேண்டும். பொதுக்கூட்டத்தில் புதிய நிர்வாகம் தெரிவானதும் கடவுச்சொல்லையும் கணக்கை மீட்பதற்கான தொலைபேசி இலக்கத்தையும் மாற்றி, கையளித்ததைக் கூட்ட அறிக்கையில் பதிந்துவிடுங்கள்.

கோப்புறைகளை ஆண்டுவாரியாகப் பிரித்தால் போதும். கோப்பின் பெயரோ திகதியில் தொடங்க வேண்டும்: 2024-03-15-நிர்வாகசபை-அறிக்கை. ஆண்டு, மாதம், நாள் என்ற இந்த வரிசையில் எழுதினால் கணினி தானாகவே கால ஒழுங்கில் அடுக்கித் தரும். 'இறுதி', 'புதிய இறுதி' என்று பெயரிட்டால் எது உண்மையில் இறுதியானது என்பது ஆறு மாதத்தின் பின் எழுதியவருக்கே தெரியாது.

நம்மிடம் உள்ள பழைய ஆவணங்களில் தனிக் கவனம் வேண்டியது பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் தட்டச்சிட்டவற்றுக்கே. அவற்றில் உண்மையில் சேமிக்கப்பட்டிருப்பவை ஆங்கில எழுத்துகள். எழுத்துருதான் அவற்றைத் தமிழாகக் காட்டுகிறது. அதனால் உறுப்பினர் ஒருவரின் பெயரைத் தமிழில் தேடினால் அகப்படாது. பாமினி இல்லாத கணினியில் திறந்தால் வாசிக்கவும் முடியாது. எழுத்துரு மாற்றி மென்பொருளின் உதவியோடு, தமிழைத் தமிழ் எழுத்துகளாகவே சேமிக்கும் யூனிகோடு முறைக்கு மாற்றுங்கள். ஆனால் இடையிடையே வந்த ஆங்கிலச் சொற்களும் அப்போது பொருளற்ற தமிழ் எழுத்துகளாகிவிடும் என்பதால், மூலத்தை அருகில் வைத்து வரிவரியாக ஒப்பிடுவது அவசியம். மூலக் கோப்பை அழிக்க வேண்டாம். இது அலுப்பான வேலைதான், எனினும் கிராமத்தின் பழைய கடன், சேமிப்பு விபரங்களை மீட்பதற்கு இதைவிடப் பயனுள்ள வேலை இல்லை என்றே நான் கருதுகிறேன்.

புகைப்படங்களை வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் அவற்றின் தரம் குறையும். ஆவணமாக இணைத்து அனுப்புங்கள்.

பிரதிகள் மூன்று இருக்கட்டும்: அலுவலகக் கணினியில் ஒன்று, வெளி வன்தட்டில் ஒன்று, இணையச் சேமிப்பில் ஒன்று. கூகுள் கணக்கொன்றில் 15 ஜிபி இலவசமாகக் கிடைப்பதால் சிறிய சங்கத்தின் எழுத்து ஆவணங்களுக்கு அது தாராளம். வன்தட்டை அலுவலக அலுமாரியிலேயே பூட்டி வைத்தால் பயனில்லை. 2018 டிசம்பரில் கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் வெள்ளம் புகுந்ததை நாம் கண்டோம். கணினியும் வன்தட்டும் ஒரே அறையில் இருந்தால் இரண்டும் ஒன்றாகவே நனையும். மேட்டுநிலத்திலுள்ள இன்னொரு நிர்வாகசபை உறுப்பினரின் வீட்டில் வன்தட்டை வையுங்கள். மாரிக்கு முன்னர் ஒரு முறையாவது அதிலிருந்து சில கோப்புகளைத் திறந்து பாருங்கள்.

அடையாள அட்டை இலக்கம், வங்கிக் கணக்கு இலக்கம் அடங்கிய பட்டியல்களை வாட்ஸ்அப் குழுக்களில் பகிர வேண்டாம். தனிப்பட்ட தரவுகளைப் பாதுகாப்பதற்கென்று 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கச் சட்டம் இலங்கையில் உண்டு. அத்தகைய பட்டியல்களுக்குத் தனிக் கோப்புறை அமைத்து, அதைத் திறக்கும் அனுமதியைச் செயலாளருக்கும் பொருளாளருக்கும் மட்டும் கொடுங்கள்.