கருவிக்கு முன் மணலைப் படியுங்கள்: இங்கிலாந்துக் கடற்கரைகளில் உலோகம் தேடும் முறை

இங்கிலாந்துக் கடற்கரைகளில் மெட்டல் டிடெக்டருடன் இறங்க விரும்புவோர் முதலில் கேட்பது கருவியின் விலையைத்தான். கருவி முக்கியமே, ஆயினும் எந்த இடத்தில் தேடுவது என்று தெரியாதவருக்கு எவ்வளவு விலையுயர்ந்த கருவியும் டப்பா மூடிகளையே எடுத்துக் கொடுக்கும். கரையில் விழுந்த பொருள்களை எடைக்கேற்பப் பிரித்துவைக்கும் வேலையைக் கடல் இரவும் பகலும் செய்துகொண்டிருக்கிறது. நீரின் அடர்த்தியை 1 என்று கொண்டால், மணலின் அடர்த்தி ஏறத்தாழ 2.65, அலுமினியத்தின் அடர்த்தி 2.7, இவை இரண்டும் அலையோடு சேர்ந்தே அலைகின்றன. வெள்ளி 10.5, ஈயம் 11.3, சுத்தத் தங்கம் 19.3 என்பதால், அரிசி களையும்போது கல் அடியில் தங்குவதுபோல் இவை மணலுக்கு அடியில் இறங்கி, கெட்டியான அடுக்கைத் தொட்ட இடத்தில் நின்றுவிடுகின்றன. அந்த அடுக்கு எங்கே மேலே தெரிகிறது என்று கண்டறிவதே மணலைப் படிப்பது.

கடல் வற்றும் நேரத்தை முதலில் பார்க்க வேண்டும். இங்கு ஏறத்தாழ 12 மணி 25 நிமிடத்துக்கு ஒருமுறை நீர் ஏறி இறங்குகிறது. சென்னைக் கரையில் இந்த ஏற்ற இறக்கம் ஒரு மீட்டரை ஒட்டியே இருக்கும். பிரிஸ்டல் கால்வாயிலோ அது 12 மீட்டரையும் தாண்டும். அமாவாசை, பௌர்ணமி கழிந்த ஓரிரு நாளில், அதிலும் மார்ச், செப்டம்பர் மாதங்களில், மற்ற நாள்களில் நீருக்குள் கிடக்கும் மணல்கூட வெளியே வரும். நீர் முழுவதும் வற்றுவதற்கு இரண்டு மணி நேரம் முன்பே இறங்கி, அது விலக விலகப் பின்தொடர்ந்து சென்று, திரும்பத் தொடங்கியதும் தாமதமின்றிக் கரையேறிவிட வேண்டும். 2004 பிப்ரவரியில் மோர்கம் விரிகுடாவில் சிப்பி பொறுக்கிக்கொண்டிருந்த சீனத் தொழிலாளர்கள் இருபதுக்கும் மேற்பட்டோரை, ஏறி வந்த நீர்தான் சூழ்ந்து கொன்றது. இதை எவரும் இலேசாக எண்ண வேண்டாம்.

கோடையில் மென்மையான அலைகள் மணலைக் கரையில் கொண்டுவந்து குவிக்கின்றன. குளிர்காலப் புயலலைகள் அதை வாரிக் கடலுக்குள் இழுத்துச் செல்கின்றன. ஆகவே பலத்த காற்று அடித்து ஓய்ந்த மறுநாளே தேடுவதற்கு மிகவும் ஏற்ற நாள். அன்று கரையின் சரிவில், கத்தியால் வெட்டியதுபோல் ஓரடி ஈரடி உயரத்துக்கு மணல் அறுந்து நிற்பதைக் காணலாம். அதன் அடிப்பகுதியில் நீளவாக்கில் தேடுங்கள். கரைக்கு இணையாக நீர் தேங்கி ஓடும் பள்ளங்கள், மணலைத் தடுக்கக் கட்டிய மரத்தடுப்புகளின் ஓரம், கூழாங்கல்லும் சிப்பி ஓடும் பட்டையாகத் திரண்ட இடம், களிமண் தலைகாட்டும் திட்டு, கறுப்பு மணல் கோடிட்ட பகுதி ஆகியவை அடுத்து கவனிக்க வேண்டியவை. கனமானது கனமானதோடுதான் சேரும். கால் மெத்தென்று புதைந்தால் அது புதிதாகக் குவிந்த மணல். அங்கே நேரத்தைச் செலவிட வேண்டாம்.

கிடைக்கும் முதல் சில பொருள்களே இடத்தின் தன்மையைச் சொல்லிவிடும். அலுமினியத் துண்டுகளாகவே வந்தால் வேறிடம் செல்லுங்கள். தூண்டிலில் கட்டும் ஈயக்குண்டு ஒன்று வந்தால் நின்றுவிடுங்கள். அங்கிருந்து இரண்டு மூன்று அடி இடைவெளியில் கோடுகோடாக நடந்து அந்தப் பகுதி முழுவதையும் அலசுங்கள். நாணயங்களும் காலத்தைக் காட்டும். 1992 முதல் ஒரு பென்னி, இரண்டு பென்னிக் காசுகள் செம்புமுலாம் பூசிய எஃகால் ஆனவை என்பதால் அவை துருவேறிப் பொரிந்து கிடக்கும். 1947-க்கு முந்தைய ஆறு பென்னிக் காசு வெள்ளி கலந்தது. அது மெல்லிய கறுப்புத் தகடாகக் கையில் வரும். அப்படியொன்று வந்தால் கடல் பழைய அடுக்குவரை அறுத்துவிட்டது என்று கொள்ளலாம்.

காய்ந்த மணலில் எந்தக் கருவியும் வேலை செய்யும். உப்பு ஈரமுள்ள மணலோ மின்சாரத்தைக் கடத்துவதால், ஒற்றை அலைவரிசைக் கருவி அங்கே ஓயாமல் அலறும். மைன்லேப் ஈக்வினாக்ஸ், எக்ஸ்பி டியூஸ் 2 போன்ற பல அலைவரிசைக் கருவிகள் ஈர மணலுக்கு ஏற்றவை. கருவி அமைதியாகும்வரை உணர்திறனைக் குறைத்துவையுங்கள். மெல்லிய தங்க மோதிரமும் டப்பாவின் இழுப்பு வளையமும் ஏறத்தாழ ஒரே ஒலியைத் தருவதால், குப்பையை ஒதுக்கும் வசதியை நம்பினால் தங்கத்தையும் சேர்த்தே இழக்க நேரிடும். கருவியின் அடியிலுள்ள வட்டத் தட்டை, மணலை உரசும் அளவுக்குத் தாழ்த்தி, மெதுவாக, ஒவ்வொரு வீச்சும் முந்தையதில் பாதியையாவது மறைக்குமாறு வீசுங்கள். ஒலி வந்ததும் குறுக்கும் நெடுக்குமாக வீசி நடுப்புள்ளியைக் கண்டு, சற்றுத் தள்ளி, மணல் அள்ளும் ஸ்கூப்பை இறக்குங்கள். அள்ளிய பின் முதலில் குழியையும், பிறகு குவியலையும் சோதியுங்கள். குழியை மூடாமல் நகர்வது பெருந்தவறு. ஓடி விளையாடும் குழந்தைகளின் கால் அதில்தான் மாட்டும்.

அலை ஏறி இறங்கும் நிலப்பரப்பில் ஏறத்தாழ பாதி, அரச உடைமைகளை நிர்வகிக்கும் கிரவுன் எஸ்டேட் நிறுவனத்துக்கு உரியது. அங்கே நிபந்தனைகளுக்கு உட்பட்டுத் தேட இசைவு உண்டு. மற்ற கரைகளில் உள்ளாட்சி மன்றத்தையோ உரிமையாளரையோ கேட்க வேண்டும். தேம்ஸ் ஆற்றங்கரைக்கு லண்டன் துறைமுக ஆணையத்தின் உரிமம் கட்டாயம். பாதுகாக்கப்பட்ட தொல்லிடங்களில் இசைவின்றிக் கருவியைப் பயன்படுத்துவது 1979-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். 300 ஆண்டைக் கடந்த தங்க, வெள்ளி அணிகலன் கிடைத்தால், 1996-ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி 14 நாளுக்குள் கொரோனர் என்னும் விசாரணை அதிகாரிக்கு அறிவிக்க வேண்டும். கப்பல் சிதைவிலிருந்து வந்த பொருள் என்றால் 28 நாளுக்குள் ரிசீவர் ஆஃப் ரெக் அலுவலகத்துக்கு. போர்க்கால வெடிகுண்டுபோல் எதுவும் தென்பட்டால் தொடாமல் விலகி, 999-ஐ அழைத்துக் கடலோரக் காவல் படையைக் கேளுங்கள்.

அண்மையில் தொலைந்த மோதிரத்துக்கு இந்தப் புதையல் சட்டம் பொருந்தாது. அது இன்னும் அதன் சொந்தக்காரருடையதே. உட்பக்கத்தில் பெயரோ மணநாளோ பொறித்திருக்கிறதா என்று பாருங்கள். அந்த விவரத்தை வெளியிடாமல், இன்ன கரையில் ஒரு மோதிரம் கிடைத்தது என்று மட்டும் அறிவித்துக் காவல் துறையிடமும் தெரிவியுங்கள். உரிமை கோரி வருபவர் பொறிப்பைச் சரியாகச் சொன்னால் ஒப்படைத்துவிடலாம்.