வார் தைக்க இரண்டு ஊசி

பேரணாம்பட்டில் அப்பா ஜட்கா குதிரைகளுக்கு வார் தைத்தவர். எனக்கு வருவதெல்லாம் மாட்டுச் சலங்கைப் பட்டைதான். தையல் அதேதான்.

தோல் ஆவாரம்பட்டையில் பதனிட்டதாகக் கேட்டு வாங்குங்கள். முதுகுப் பக்கம் நீளவாக்கில் வெட்டுங்கள்; வயிற்றுத் தோல் இழுபடும்.

தைக்கும் நீளத்தைப் போல் நான்கு மடங்கு நூல் எடுத்து, தேன்மெழுகில் மூன்று முறை இழுத்து, இரு முனையிலும் ஊசி கோத்துக்கொள்ளுங்கள். ஓட்டைக்கு அடையாளம் வைக்க வீட்டு முள்கரண்டி போதும். குத்தூசியை எல்லா ஓட்டையிலும் ஒரே சாய்வில் பிடியுங்கள்.

அப்புறம்தான் விஷயம். இடது ஊசி நுழைந்த ஓட்டையிலேயே வலது ஊசியும் எதிர்ப்பக்கம் போக வேண்டும். இரண்டு கையாலும் சமமாக இழுங்கள். போகிற வழியில் முதல் நூலைக் குத்திவிட்டால் தையல் இறுகாது. என் முதல் பட்டையில் அப்படித்தான் ஆயிற்று. அப்பா ஒன்றும் பேசாமல் பிளேடால் அறுத்துக் கையில் கொடுத்தார். ஒரு நூல் அறுந்தாலும் மற்றது பிடிக்கும், மிஷின் தையலில் அது நடக்காது.

19ஆம் நூற்றாண்டு அமெரிக்கச் சிற்றூர்ச் சேணக்காரர்களும் இப்படித்தான் தைத்தார்கள். மரப்பலகையில் உட்கார்ந்து, காலால் மிதித்தால் மூடும் கிடுக்கியில் தோலைப் பிடித்தார்கள். நமக்கு முழங்கால்தான் கிடுக்கி.

கடைசியில் மூன்று ஓட்டை பின்னோக்கித் தைத்து ஒட்ட அறுங்கள். சுத்தியலால் மெல்லத் தட்டி, விளக்கெண்ணெய் துளியூண்டு தடவுங்கள்.