மைனஸ் குறியும் அடுக்கும்: பிள்ளைகள் சறுக்கும் இடங்கள்

சாயங்காலம் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு வீட்டில் கணக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். போன வாரம் ஒரு பையனின் நோட்டைத் திருத்தும்போது கை நின்றுவிட்டது. அந்த வயதில் நான் செய்த அதே தப்பு, அதே வரியில். கூட்டல் கழித்தல் பிசகெல்லாம் போடப் போடச் சரியாகிவிடும்; இது அப்படிப் போவதில்லை.

அடைப்புக்குறி இல்லாமல் பிரதியிடுவது

−5² என்றால் −25. (−5)² என்றால் 25. அடுக்கு தன்னை ஒட்டி நிற்பதைத்தான் பெருக்கும். முதலாவதில் ஒட்டி நிற்பது 5 மட்டும்.

அந்த நோட்டில் இருபடிச் சமன்பாட்டின் கெழுக்கள் 2, −5, −3. தன்மைகாட்டிக்கு (இது குறை எண்ணானால் சமன்பாட்டுக்கு மெய் மூலங்கள் இல்லை) 'பி ஸ்கொயர் மைனஸ் நாலு ஏசி' சரியாகவே எழுதியிருந்தான். அடுத்த வரியில் −5² + 24. அதாவது −25 + 24 = −1. 'மெய் மூலங்கள் இல்லை' என்று ஸ்கேல் வைத்து அடிக்கோடும் போட்டுவிட்டான். உண்மையில் 25 + 24 = 49; மூலங்கள் 3, −1/2. இல்லை என்பதும் ஒரு முறையான விடை என்பதால் அவனுக்குச் சந்தேகமே வரவில்லை. அரைப் பரீட்சையில் நானும் அப்படித்தான் நிம்மதியாகப் பக்கத்தைத் திருப்பினேன். ஐந்து மதிப்பெண் போயிற்று.

இன்னும் எரிச்சல் தருவது, −5² என்று எழுதிவிட்டு மனதுக்குள் 25 எனக் கணக்கிடும் பிள்ளைகள். விடை சரியாக வந்துவிடுவதால் யாரும் திருத்துவதில்லை. பிறகு 10 − 5² வரும்போது 35 என்கிறார்கள். விடை −15.

குறை எண்ணைப் பிரதியிடும் முன் வெறும் அடைப்புக்குறியை எழுதுங்கள். எண்ணை அப்புறம் உள்ளே வையுங்கள்.

கனத்தை (மூன்றாம் அடுக்கை) நம்புவது

−2³, (−2)³ இரண்டுமே −8. இதைப் பார்த்துத்தான் அடைப்புக்குறி வேண்டாம் என்று பழகிவிடுகிறார்கள்.

எக்செலில் சரிபார்ப்பது

=-3^2 என்று அடித்தால் எக்செல் 9 காட்டும். அது மைனஸை முதலில் எண்ணோடு சேர்த்துக்கொள்கிறது. =0-3^2 என்று அடித்தால் −9. நோட்டில் எழுதும் கணக்குக்கு அந்த 9 செல்லாது.

குறை அடுக்கு

2⁻³ என்பது −8 அல்ல, 1/8. 8, 4, 2, 1 என ஒவ்வொரு படிக்கும் பாதியாக்கிக்கொண்டே இறங்குங்கள்: 1/2, 1/4, 1/8. எங்கேயும் மைனஸ் வராது.

பூச்சிய அடுக்கு

(−7)⁰ = 1. −7⁰ = −1.