வரையக் கற்கிறவர்களுக்கு: கைக்கு முன்னால் கண்

மேசைமேல் ஒரு கோப்பையை வைத்து, கையில் கிடைத்த பென்சிலால் அதைப் பார்த்து ஐந்து நிமிடம் வரையுங்கள், அப்புறம் மேலே படிக்கலாம். வரைந்தாயிற்றா? சரி, இப்போது கோப்பையின் வாயைப் பாருங்கள். நீங்கள் வரைந்த வாய் நிஜத்தில் தெரிவதைவிட அகலமாகத் திறந்திருக்கும், அடிப்பகுதியோ ஸ்கேல் வைத்து இழுத்த மாதிரி நேர்கோடாக இருக்கும். எல்லோருக்கும் அப்படி வராது, ஆனால் புதிதாக வரைகிறவர்களில் பெரும்பாலானவர்களுக்கு இப்படித்தான் வரும். கை சரியில்லை என்பதால் அல்ல. வாய் வட்டம் என்று உங்களுக்குத் தெரியும், அதனால் வட்டத்தை நோக்கி இழுத்துவிட்டீர்கள். கோப்பை தட்டையான மேசையில் உட்கார்ந்திருக்கிறது என்றும் தெரியும், அதனால் அடியைத் தட்டையாக்கிவிட்டீர்கள். கண்ணுக்குத் தெரிந்ததோ வேறு: சற்று மேலிருந்து பார்க்கும்போது வாய் ஒரு ஒடுங்கிய நீள்வட்டம், அடி ஒரு வளைவு. அதுவும் கண்மட்டத்திலிருந்து இன்னும் கீழே தள்ளி இருப்பதால் அடியின் வளைவு வாயின் வளைவைவிடக் கொஞ்சம் கூடுதல்.

சித்திரமும் கைப்பழக்கம் என்று கேட்டே வளர்ந்துவிட்டோம். அது பொய்யில்லை, ஆனால் பாதிதான். தப்பாகப் பார்த்ததைத் தினமும் வரைந்தால் அந்தத் தப்புதான் கைக்குப் பழகும். எந்த முகத்தை வரைந்தாலும் ஒரே கண்ணை ஒட்டவைக்கிற ஆட்கள் உண்டு, நானும் சில வருடம் அப்படித்தான் இருந்தேன், எதிரில் உட்கார்ந்திருப்பவரின் கண்ணைப் பார்க்காமலே நான் மனப்பாடம் செய்து வைத்திருந்த கண்ணை வரைந்துகொண்டிருந்தேன்.

பொருள்களைப் பற்றி அதிகம் பேச ஒன்றுமில்லை. ஹெச்பி ஒன்று, 2பி ஒன்று, 6பி ஒன்று, எழுதுகிற காகிதம், ஒரு ரப்பர். ஹெச் என்றால் கடினம், வெளிறிய கோடு. பி என்றால் மென்மை, எண் கூடக் கூடக் கருமை. அவ்வளவுதான். விலை உயர்ந்த ஸ்கெட்ச்புக்கை மட்டும் இப்போது வாங்காதீர்கள். நான் வாங்கினேன், முதல் பக்கம் நன்றாக வர வேண்டுமே என்ற பயத்தில் ஒரு வருடம் அதைத் திறக்கவே இல்லை. கெட்டுப்போனாலும் கவலைப்படாத காகிதம்தான் கற்றுக்கொள்கிறவருக்கு நல்ல காகிதம்.

இனி கண்ணைப் பழக்குவது. முதல் வழி அளப்பது. கையை முழங்கை மடங்காமல் நீட்டி, ஒரு கண்ணை மூடி, பென்சிலைப் படுக்கையாகப் பிடித்து அதன் முனையைப் பொருளின் ஒரு ஓரத்தில் வைத்து, கட்டைவிரலை மறு ஓரத்துக்கு நகர்த்தி அகலத்தைக் குறித்துக்கொண்டு, அதே அளவு உயரத்தில் எத்தனை தடவை அடங்குகிறது என்று பாருங்கள். முழங்கை மடங்கினால் அளவு மாறிவிடும், அதனால்தான் நீட்டச் சொல்கிறேன். சாய்வுகளுக்கும் இதே பென்சில் போதும்: நாற்காலிக் காலின் சாய்வுக்கு ஏற்றபடி பென்சிலைச் சாய்த்துப் பிடித்து, சாய்வு மாறாமல் அப்படியே காகிதத்துக்குக் கொண்டுவாருங்கள். நீங்கள் நினைத்த சாய்வுக்கும் உண்மையான சாய்வுக்கும் எவ்வளவு தூரம் என்று முதல் சில நாள் திகைப்பாக இருக்கும்.

இரண்டாவது வழி எனக்கு மிகவும் பிடித்தது. நாற்காலியை வரையாதீர்கள், நாற்காலியின் கால்களுக்கு நடுவே இருக்கிற வெற்றிடத்தை வரையுங்கள். நெகட்டிவ் ஸ்பேஸ் என்பார்கள். நாற்காலி எப்படி இருக்க வேண்டும் என்று நம் மூளைக்கு ஆயிரம் கருத்து உண்டு, ஆனால் இரண்டு கால்களுக்கு இடையிலுள்ள கோணல்மாணலான நாற்கரத்தைப் பற்றி அதற்கு ஒரு கருத்தும் கிடையாது, அதனால் வாயை மூடிக்கொண்டு பார்க்கத் தொடங்கிவிடுகிறது. அந்த வெற்றிடங்களைச் சரியாக வரைந்தால் நாற்காலி தானாக வந்து நிற்கும். ஒரு புகைப்படத்தைத் தலைகீழாக வைத்து வரைவதும் இதே தந்திரம்தான்: மூக்கு மூக்காகத் தெரியாதபோது அது வெறும் கோடும் நிழலும்.

முகத்துக்கு வந்தால், மூளை செய்கிற குளறுபடி இன்னும் அதிகம். கண்கள் தலையின் எந்த உயரத்தில் இருக்கின்றன? கேட்டால் மேலே என்பார்கள். நேராகப் பார்க்கிற தலையில், உச்சிக்கும் தாடைக்கும் கிட்டத்தட்ட நடுவில். நெற்றியும் முடியும் நமக்கு முக்கியமில்லை, கண்ணும் வாயும்தான் முக்கியம், அதனால் முக்கியமில்லாததைச் சுருக்கிவிடுகிறோம். இரு கண்களுக்கு நடுவே ஏறக்குறைய ஒரு கண் அகலம், நின்றிருக்கும் ஆளின் உயரம் ஏழு, ஏழரைத் தலை. இவையெல்லாம் சரிபார்க்கத்தான், எதிரிலிருக்கும் ஆளைவிட இந்தக் கணக்கை நம்பினால் எல்லோரும் ஒரே ஆளாகிவிடுவார்கள்.

ஷேடிங்கில் நான் பார்க்கிற பெரிய கோளாறு பயம். எல்லாம் இளஞ்சாம்பல். ஆழமான கருப்பு எங்குமே இல்லை, அதனால் வெளிச்சமும் வெளிச்சமாகத் தெரிவதில்லை. கண்களைச் சுருக்கிப் பாருங்கள், சின்ன விவரங்கள் மங்கி, பெரிய இருட்டும் பெரிய வெளிச்சமும் மட்டும் மிஞ்சும். முதலில் படத்தை மூன்றே தொனியில் பிரியுங்கள்: காகிதத்தின் வெள்ளை, ஒரு நடுச்சாம்பல், ஒரு கருமை. இந்த மூன்றில் படம் நிற்கவில்லை என்றால் அப்புறம் எத்தனை மணி நேரம் தேய்த்தாலும் நிற்காது. விரலால் தேய்ப்பது பற்றி: தேய்க்காதீர்கள், குறைந்தது முதல் ஆறு மாதம். தேய்த்தால் எல்லா ஓரங்களும் ஒரே மாதிரி குழைந்து, எது உருண்டை எது கூர்மை என்பதே போய்விடும்.

ஒற்றை விளக்கின் கீழ் ஒரு பந்தையோ முட்டையையோ வைத்து வரைவது பழைய பயிற்சி. சலிப்பானது, ஆனால் இதற்கு மாற்று எனக்குத் தெரியவில்லை. வெளிச்சம் விழும் பக்கம், மெல்லத் திரும்பும் இடைத்தொனி, பொருளின் மீதே இருக்கிற கருமையான பட்டை, அதைத் தாண்டிக் கீழே மேசையிலிருந்து திரும்பி வரும் மங்கலான ஒளி, மேசைமேல் விழுந்த நிழல் என்று ஐந்தையும் அதில் பார்க்கலாம். திரும்பி வரும் ஒளியில்தான் எல்லோரும் ஏமாறுவோம், இருட்டுக்குப் பக்கத்தில் இருப்பதால் அது பளிச்சென்று தெரியும், உண்மையில் அது நிழலின் பகுதிதான், வெளிச்சப் பக்கத்தைவிட ஒருபோதும் வெளிறியிருக்கக் கூடாது. கண்ணின் வெள்ளையும் அப்படித்தான், இமையின் நிழல் விழுவதால் அது சாம்பல், அதைக் காகித வெள்ளையாக விட்டால் முகம் திடுக்கிட்ட மாதிரி முழிக்கும்.

தூரத்தையும் ஆழத்தையும் காகிதத்தில் காட்டுகிற பர்ஸ்பெக்டிவை நிறையப் பேர் கணக்குப் பாடம் போலப் பயந்து தள்ளிப்போடுகிறார்கள். உங்கள் கண் இருக்கிற மட்டத்தில் ஒரு படுகோடு, உங்களை விட்டு விலகிப் போகிற இணைகோடுகள் எல்லாம் அந்தக் கோட்டில் ஒரு புள்ளியில் சேர்வது போலத் தெரியும். தரையிலும் மேசையிலும் இருக்கிற பொருள்களுக்கு ஆரம்பத்தில் இது போதும். ஒரு மாலையில் புரிந்துவிடும். பிறகு பெட்டிகளை எல்லாக் கோணத்திலும் ஐம்பது நூறு வரைந்து தள்ளுங்கள், பெட்டி வந்தால் வீடும் வரும், பேருந்தும் வரும், கொஞ்சம் மெனக்கெட்டால் தலையும் வரும்.

மெதுவாக, அளந்து வரைவதை மட்டுமே செய்தால் படம் விறைத்துப்போகும். அதற்கு மருந்து ஜெஸ்ச்சர் டிராயிங்: நிற்கிற, குனிகிற, ஓடுகிற மனிதர்களை 30 நொடி, ஒரு நிமிடம், இரண்டு நிமிடம் என்று கடிகாரம் வைத்து வரைவது. விரல்களை வரைய நேரமே இருக்காது, இருக்கக் கூடாது. எடை எந்தக் காலில் இருக்கிறது, முதுகு எப்படி வளைகிறது, அது மட்டும். மணிக்கட்டால் கீறாமல் தோளிலிருந்து கையை வீசுங்கள், முடி முடியாகப் பத்துக் கோடு போட்டுச் சேர்ப்பதற்குப் பதிலாக ஒரே கோடு, தப்பினால் பக்கத்தில் இன்னொன்று. ரப்பரை எட்டாத தூரத்தில் வையுங்கள்.

பார்த்து வரைவது திருட்டா என்று அடிக்கடி கேட்கிறார்கள். வான்கோ ஓவியராவது என்று முடிவெடுத்தது 1880-ல், வயது 27. பெரிய திறமைக்காரன் என்று அப்போது அவரை யாரும் கொண்டாடவில்லை. அவர் செய்த முதல் வேலைகளில் ஒன்று, சார்ல்ஸ் பார்க் தயாரித்த பயிற்சிப் படங்களை வைத்துக்கொண்டு மீண்டும் மீண்டும் நகலெடுத்தது. பிரெஞ்சு ஓவியர் மில்லே வரைந்த விவசாயிகளையும் விடாமல் நகலெடுத்தார். கோணங்களைப் பிடிக்க நூல் கட்டிய ஒரு சட்டம் செய்து அதன் வழியாகப் பார்த்து வரைந்தார். அதனால் ரெஃபரன்ஸ் வைப்பதற்கும் கருவி வைப்பதற்கும் வெட்கப்படத் தேவையில்லை. நகலெடுக்கும்போது ஒவ்வொரு கோடும் ஏன் அங்கே இருக்கிறது என்று கேளுங்கள், முடித்ததும் மூடிவைத்துவிட்டு நினைவிலிருந்து ஒரு தடவை வரையுங்கள், எதைக் கற்றீர்கள் எதைக் கற்கவில்லை என்று அப்போது தெரியும். அதை வெளியில் காட்டினால் யாருடைய படத்தைப் பார்த்தது என்று சொல்லிவிடுங்கள், சொல்லாமல் விட்டால்தான் திருட்டு. டிரேஸ் எடுப்பதில் பாவமில்லை, ஆனால் டிரேஸ் எடுத்த அதே படத்தைக் கையோடு பார்த்தும் ஒரு தடவை வரையாவிட்டால் கைக்கு ஒன்றும் சேராது.

டேப்லெட்டில் வரைகிறவர்களுக்கும் இதில் எதுவும் மாறாது. ஒரே ஒரு எச்சரிக்கை: கடைசியாகப் போட்ட கோட்டை ஒரே தட்டில் நீக்குகிற அண்டு (undo) பட்டன். ஒரு கோட்டை நாற்பது தடவை போட்டு அழித்துப் போடுகிற பழக்கம் வந்துவிட்டால் கோடு போடும் துணிச்சலே வராது. வாரத்தில் ஒரு நாளாவது ஒரே லேயர், ஒரே பிரஷ், அண்டு கிடையாது என்று வைத்துப் பாருங்கள்.

வண்ணம்? அவசரமென்றால் தொடங்குங்கள், யாரும் தடுக்கப் போவதில்லை. ஆனால் வண்ணத்தில் வருகிற பாதிப் பிரச்சினை தொனிப் பிரச்சினைதான். படத்தைப் புகைப்படம் எடுத்துக் கருப்பு வெள்ளையாக்கிப் பாருங்கள், எல்லாம் ஒரே சாம்பலாக இருந்தால் நிறத்தைக் குறை சொல்லிப் பயனில்லை. வாட்டர்கலர் என்றால் காகிதத்தில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம், 300 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 300 கிராம்) எடையுள்ள தடித்த காகிதம் இல்லாவிட்டால் தண்ணீர் பட்டதும் அலை அலையாக நெளியும். பெட்டி நிறைய நிறம் வாங்குவதைவிட ஒரு மஞ்சள், ஒரு சிவப்பு, ஒரு நீலம் வைத்துக் கலந்து பழகினால் சீக்கிரம் புரியும்.

எவ்வளவு நேரம் என்றால், ஞாயிற்றுக்கிழமை ஐந்து மணி நேரத்தைவிடத் தினமும் இருபது நிமிடம். அதில் பாதி மேலே சொன்ன பயிற்சி, மீதிப் பாதி உங்களுக்குப் பிடித்தது, டிராகனோ கார்ட்டூனோ எதுவானாலும். பயிற்சி மட்டுமே செய்கிறவர்கள் சில வாரங்களில் ஓடிவிடுகிறார்கள், பிடித்ததை மட்டுமே வரைகிறவர்கள் வரையத் தெரிந்ததையே சுற்றிச் சுற்றி வருகிறார்கள். கையை வரைய வராதென்று எல்லோர் கையையும் பாக்கெட்டுக்குள் விட்டு வரைகிறீர்களா? அப்படியானால் நாளைக்குக் கையைத்தான் வரைய வேண்டும், உங்கள் இடது கை எப்போதும் இலவசமாகக் கிடைக்கிறது.

இரண்டு மூன்று மாதத்தில் ஒரு நாள், உங்கள் படமெல்லாம் முன்பைவிட மோசமாகத் தெரியும். நிறையப் பேர் விட்டுவிடுவது அப்போதுதான். கை பின்னுக்குப் போகவில்லை, கண் முன்னே போய்விட்டது; போன மாதம் தெரியாமலிருந்த தப்பு இப்போது தெரிகிறது. தேதி போட்டு வைத்த பழைய பக்கங்களை அந்த நேரத்தில் எடுத்துப் பாருங்கள், அதற்காகவே எதையும் கிழிக்காதீர்கள்.

தப்பு இருக்கிறது, எங்கே என்று தெரியவில்லை என்றால் படத்தைக் கண்ணாடியில் காட்டிப் பாருங்கள். வரையும்போது சமதளக் கண்ணாடி ஒன்றை வைத்துக்கொண்டு அடிக்கடி அதில் பார்க்கும்படி லியனார்டோ டா வின்சியே தன் குறிப்புகளில் சொல்லியிருக்கிறார். இடவலம் மாறியதும் படம் யாரோ வரைந்தது போலாகி, கோணிய தாடை உடனே குத்தும். அதற்கப்புறமும் பிடிபடாவிட்டால் உங்களைவிட நன்றாக வரைகிற ஒருவரிடம் காட்டுங்கள், ஆனால் "எப்படி இருக்கு?" என்று கேட்காதீர்கள், "சூப்பர்" என்ற பதில்தான் கிடைக்கும். "இந்தத் தோள் ஏன் உடம்போடு ஒட்டவில்லை?" என்று கேட்டால் அவர் பென்சிலை எடுத்து உங்கள் படத்தின் மேலேயே போட்டுக் காட்டுவார்.