காவடி ஏன் நடுங்குகிறது? வீடியோவை டிவிடி ஆக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன மாதம் இரண்டு தம்பிகள் என்னைப் பார்க்க பினாங்கு ஸ்திரீட்டுக்கு வந்தார்கள். தாத்தா எடுத்த பழைய டேப்பைக் கணினியில் ஏற்றி, டிவிடி போட்டிருந்தார்கள். டிவியில் ஓடவிட்டதும் படம் நடுங்கியது, எனக்கு வயிறு கலங்கியது. நான் பல வருடங்களுக்கு முன்பு செய்த அதே தவறு.

எம்பி4 கோப்பை டேட்டாவாக எழுதிவிட்டுப் பழைய பிளேயர் படிக்கவில்லை என்பது, எழுதி முடித்த வட்டை ஃபைனலைஸ் செய்து மூட மறப்பது, இதையெல்லாம் இங்கே விளக்கப் போவதில்லை. அந்தத் தவறுகள் உடனே தெரிந்துவிடும். தெரியாமல் கெடுப்பதுதான் ஆபத்து.

ஃபீல்டு வரிசை மாறுவது

2008 தைப்பூசம். ஒரு குடும்பத்தில் மூத்த மகன் காவடி எடுத்தார். மினிடிவி (MiniDV) டேப்பில் நான் எடுத்தேன்: முதல் நாள் கோவில் வீட்டிலிருந்து வெள்ளி ரதம் கிளம்புவது, சிதறு தேங்காய், மறுநாள் தண்ணீர்மலை கோவிலுக்குப் போகும் வழியில் உறுமிக்கு அவர் சுழன்று ஆடியது. நாற்பது டிவிடி கேட்டார்கள். ஒன்றைக் கணினியில் முழுக்கப் பார்த்தேன், வித்தியாசமாக எதுவும் தெரியவில்லை. நாற்பதையும் எழுதிக் கொடுத்துவிட்டேன்.

இரண்டாம் நாள் பட்டர்வொர்த்திலிருந்து அவருடைய பாட்டி போன் செய்தார். "தம்பி, சாமி ஆடுறப்ப ஏன் படம் நடுங்குது?"

நம் மலேசியாவின் 'பால்' (PAL) என்ற டிவி முறையில் நொடிக்கு 25 படம். இன்டர்லேஸ் வீடியோவில் ஒவ்வொரு படமும் இரண்டு ஃபீல்டு. ஒற்றைப்படை வரிகள் ஒன்று, இரட்டைப்படை வரிகள் இன்னொன்று. இரண்டுக்கும் நடுவே நொடியில் 50இல் ஒரு பங்கு இடைவெளி. மினிடிவி டேப்பில் கீழ் ஃபீல்டு முதலில் வரும். பின்னால் வந்த எச்டிவி (HDV), ஏவிசிஎச்டி (AVCHD) கேமராக்களில் பொதுவாக மேல் ஃபீல்டு முதலில். வீடியோவை டிவிடி வடிவத்துக்கு மாற்றும் என் என்கோடர் மென்பொருளில், முந்தைய வேலைக்கு வைத்த 'அப்பர் ஃபர்ஸ்ட்' (மேல் ஃபீல்டு முதலில்) அப்படியே கிடந்தது. அதனால் டிவியில் 1, 2, 3, 4 என்று போக வேண்டிய அசைவு 2, 1, 4, 3 என்று போனது. கை முன்னே போய், பின்னே வந்து, மறுபடி முன்னே போகும். கணினியில் இரண்டு ஃபீல்டையும் ஒரே படமாகச் சேர்த்துக் காட்டினால், சீப்புப் பல் மாதிரி கோடு தெரியுமே தவிர நடுக்கம் தெரியாது. வரிசை சரியாக இருந்தாலும் அதே கோடுதான். அதனால் கணினியில் பார்த்து எதையும் முடிவு செய்ய முடியாது.

நாற்பதையும் திரும்ப எழுதி, நானே வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுத்தேன். எல்லாம் என்கோடரில் மாற்றாமல் விட்ட ஒரே ஒரு தேர்வால். இன்றைக்கும் நினைத்தால் எரிச்சல் வருகிறது.

ஆகவே, என்கோடரைத் தொடும் முன் மூலக் கோப்பை, கோப்பின் விவரங்களைக் காட்டும் மீடியாஇன்ஃபோ மென்பொருளில் திறந்து ஸ்கேன் வரிசையைப் பாருங்கள்; என்கோடரிலும் அதே வரிசையை வையுங்கள். புரோகிரசிவ் (ஃபீல்டாகப் பிரியாத முழுப் படம்) என்றால் அப்படியே விடுங்கள், ஃபீல்டாகப் பிரிக்காதீர்கள். அப்புறம், வேகமான அசைவுள்ள பத்து நொடியை மட்டும் வெட்டி, மறுபடி எழுதக்கூடிய வட்டில் போட்டு, பிளேயரிலும் டிவியிலும் பாருங்கள். ரதம் நகரும் காட்சியை எடுக்காதீர்கள். மெதுவான அசைவில் இந்தக் குறை ஒளிந்துகொள்ளும். காவடி சுழலும் இடத்தையே எடுங்கள்.

நான்கு மணி நேரத்தை ஒரே வட்டில் திணிப்பது

4.7 ஜிபி வட்டு கணினியில் 4.37 என்றுதான் காட்டும். இரண்டு மணி நேரத்துக்கு, ஒலியும் சேர்த்து நொடிக்கு ஏறத்தாழ 5 மெகாபிட் கிடைக்கும். நான்கு மணி நேரம் என்றால் அதில் பாதி. கூட்டமும் பூமாலையும் உள்ள காட்சி கட்டம் கட்டமாக உடையும். இரண்டு வட்டாகக் கொடுங்கள்.

போன் வீடியோவை 25க்கு இறக்குவது

போனில் நொடிக்கு 30 படம். பால் முறைக்காக 25 ஆக்கினால் நொடிக்கு ஐந்து படம் போய், அசைவு தட்டும். பெரும்பாலான பிளேயர்கள், நொடிக்கு 29.97 படம் கொண்ட அமெரிக்க முறையான என்டிஎஸ்சியையும் (NTSC) ஓட்டும். நான் அப்படியே 29.97இல் போட்டுக் கொடுக்கிறேன்.

வட்டில் ஒட்டும் காகிதம்

வேண்டாம். உரிந்து பிளேயருக்குள் மாட்டும்.

மூல டேப்

எறியாதீர்கள். அந்தத் தம்பிகளின் தாத்தா டேப் இன்னும் பீரோவில் இருந்ததால்தான் அடுத்த ஞாயிறு மறுபடி ஏற்ற முடிந்தது.