வார்கேமுக்கு முதல் டேங்க் பெயின்ட் பண்றது எப்படி: டி-34/85, பிரைமர்ல இருந்து வார்னிஷ் வரை

வார்கேம்னா குட்டி பொம்மைப் படைய மேஜைல வச்சு ஆடற போர் விளையாட்டு. அந்த மினியேச்சர் பொம்மைல எதை முதல்ல பெயின்ட் பண்ணலாம்னு குழம்பிட்டு இருக்கீங்களா, டேங்க்ல ஆரம்பிங்க, அதுலயும் ரெண்டாம் உலகப் போர் சோவியத் டேங்க் டி-34/85. சிப்பாய் பொம்மைன்னா கண்ணு, முகம், பெல்ட், பைன்னு பொடி வேலை நிறைய, டேங்க்ல அந்த தொல்லை இல்ல. ஜெர்மன் டேங்க் பார்க்க அழகுதான், ஆனா 1943 பிப்ரவரில அவங்க அடிப்படை கலரையே மஞ்சளுக்கு மாத்தி அது மேல பச்சையும் செம்பழுப்பும் கேமோ (எதிரி கண்ணுக்கு மறைக்கற திட்டு) போட ஆரம்பிச்சுட்டாங்க, முதல் டேங்க்லயே அந்த தலைவலி எதுக்கு. டி-34 பெரும்பாலும் முழுக்க ஒரே பச்சை.

வேலைய தொடங்கறதுக்கு முன்னாடி ஒரு விஷயம். எதிர்ல நின்னு விளையாடறவர் உங்க டேங்க மூணு அடி தள்ளி, மேல இருந்துதான் பார்க்கப் போறார். அதனால பள்ளம் இருட்டா, விளிம்பு வெளிச்சமா, நிஜத்த விட கொஞ்சம் தூக்கலாவே தெரியணும். கீழ சொல்ற எல்லாமே அதுக்காகத்தான்.

நான் எடுத்துக்கிட்ட சைஸ் 1/100, ஃப்ளேம்ஸ் ஆஃப் வார் ஆடறவங்க 15 மி.மீ.ன்னு சொல்றது (அது சிப்பாய் பொம்மையோட உயரத்த வச்சு சொல்ற கணக்கு). பீரங்கி குழல விட்டுட்டு பார்த்தா டேங்க் நீளமே சுமாரா ஆறு செ.மீ. தான். போல்ட் ஆக்‌ஷன் ஆடறவங்களோட 1/56 டேங்குக்கும் இதே முறைதான், பெயின்ட் மட்டும் கூட செலவாகும்.

ஒட்டறது

பாகங்கள அது ஒட்டி வர்ற ஃப்ரேம்ல இருந்து முறுக்கி பிய்க்காதீங்க, கட்டர் வச்சு கொஞ்சம் தள்ளி வெட்டிட்டு மிச்சத்த கத்தியால சீவுங்க. அச்சு சேர்ற இடத்துல மெல்லிசா ஒரு கோடு இருக்கும், அதையும் கத்தி முனையால சுரண்டிட்டு உப்புத்தாள்ல ஒரு தேய் தேய்ங்க, இல்லன்னா பின்னாடி டிரை பிரஷ் (பெயின்ட துடைச்சுட்ட பிரஷ்ஷால மேடுகள மட்டும் தடவறது) பண்ணும்போது அந்தக் கோடுதான் முதல்ல பல்லைக் காட்டும். பிளாஸ்டிக்குன்னா பிளாஸ்டிக் சிமென்ட், ரெசின்னா ஃபெவிக்விக் மாதிரி சூப்பர் க்ளூ. டரட்ட (பீரங்கி இருக்கற, சுத்தற மேல்பகுதி) மட்டும் ஒட்டாதீங்க, தனியா பெயின்ட் பண்ணலாம், விளையாடும்போது திருப்பவும் வேணும். ஒட்டினது காஞ்சதும் சோப்புத் தண்ணில பழைய டூத்பிரஷ் போட்டு கழுவி நல்லா காய வைங்க.

பிரைமர்

பிரைமர்னா பெயின்ட் நல்லா பிடிக்க முதல்ல போடற அடிப்பூச்சு. கறுப்பு ஸ்ப்ரே பிரைமர் போதும், கை எட்டாத பள்ளத்துல பச்சை படாம போனாலும் அது நிழல் மாதிரியே தெரியும். டப்பாவ ரெண்டு நிமிஷமாவது குலுக்குங்க, 20ல இருந்து 30 செ.மீ. தள்ளிப் பிடிச்சு, டேங்குக்கு வெளியவே ஸ்ப்ரேய ஆரம்பிச்சு குறுக்கா இழுத்துட்டு வெளிய போய் நிறுத்துங்க. மழை நாள், புழுக்கமான நாள் வேண்டவே வேண்டாம், மேல்பரப்பு சொரசொரன்னு ஆயிடும். காத்தோட்டமான இடத்துல மாஸ்க் போட்டு அடிங்கன்னு சொல்லத் தேவையில்லன்னு நினைக்கிறேன், இருந்தாலும் சொல்லிட்டேன்.

பச்சை

வயேஹோ ரஷ்யன் கிரீன் மாதிரி ஒரு பச்சை எடுத்துக்கோங்க. பாட்டில்ல இருந்து நேரா அடிக்காம தண்ணி கலந்து பால் பதத்துக்கு கொண்டு வந்து, மெல்லிசா ரெண்டு கோட், தேவைப்பட்டா மூணு, ஒண்ணு காஞ்சப்புறம் இன்னொண்ணு. முதல் கோட்ல திட்டுத்திட்டா கண்றாவியா இருக்கும், பயப்படாதீங்க.

இங்கதான் நிறைய பேர் கேக்கறது, நிஜ டேங்கோட அதே பச்சைதானே இதுன்னு. அதே பச்சைய இவ்ளோ சின்ன சாமான்ல அடிச்சா மேஜைல கறுப்பு கட்டியாத்தான் தெரியும். அதனால ரெண்டாவது கோட்ல கொஞ்சம் பஃப் (வெளிர் மணல் கலர்) இல்லன்னா மஞ்சள் கலந்து வெளிறல் ஆக்கி, டரட் மேல்பக்கம், இன்ஜின் மூடி, முன் தகடு இதுல மட்டும் அடிங்க. வெள்ளை கலக்காதீங்க, பச்சை சுண்ணாம்பு பூசின மாதிரி ஆயிடும்.

1945 பெர்லின் சண்டை டேங்கா வேணும்னா டரட்ட சுத்தி ஒரு வெள்ளை பட்டை, மேல ஒரு வெள்ளை சிலுவை. நேச நாட்டு விமானங்க தங்களையே குண்டு போட்டுடக் கூடாதுன்னு போட்ட அடையாளம் அது. படைக்காரங்க பிரஷ் வச்சு கையால அடிச்சது, அதனால உங்க கை நடுங்கினாலும் பட்டை நிஜம் மாதிரிதான் வரும். சுத்த வெள்ளைக்கு பதில் துளி பஃப் கலந்த வெள்ளை. டரட் நம்பருக்கு டீகால் (தண்ணில நனைச்சு ஒட்டற ஸ்டிக்கர்) ஒட்டறதா இருந்தா அந்த இடத்துல முதல்ல க்ளாஸ் (பளபளன்னு இருக்கற) வார்னிஷ் போட்டுடுங்க.

வாஷ்

சிட்டாடல் அக்ராக்ஸ் எர்த்ஷேட் மாதிரி பழுப்பு வாஷ், அதாவது பள்ளத்துல ஓடி நிழல் ஆகற தண்ணி மாதிரி பெயின்ட். டி-34ல சாய்ஞ்ச பெரிய தட்டைத் தகடுகள் இருக்கறதால மொத்தமா கொட்டி பூசினா நடுவுல தேங்கி, காஞ்சதும் வட்ட வட்டமா கறை நிக்கும். சின்ன பிரஷ் நுனில எடுத்து மூடியோட ஓரம், இன்ஜின் கிரில், சக்கரத்து நடு, டீசல் டிரம்ம பிடிச்சிருக்கற பட்டை, இப்படி பள்ளத்துல மட்டும் தொட்டு விடுங்க, அதுவே ஓடிப் போய் உக்காரும். எங்கயாவது குளம் கட்டினா ஈரம் போக துடைச்ச பிரஷ்ஷ அதுல வச்சா உறிஞ்சிக்கும். அப்புறம் முழுசா காயற வரை கைய கட்டிட்டு இருங்க.

டிரை பிரஷ்

பழைய, முடி விரிஞ்ச பிரஷ் இதுக்குத்தான். வெளிறல் பச்சைய தண்ணி கலக்காம தொட்டு, டிஷ்யூல துடைச்சு துடைச்சு, நகத்து மேல தேய்ச்சா லேசா பொடி மாதிரி ஒட்டற அளவுக்கு வந்ததும் டேங்க் விளிம்புகள்ல மேல இருந்து கீழ தடவுங்க. கிரில், கொக்கி, டரட் ஓரம் எல்லாம் ஒவ்வொண்ணா எழுந்து வரும். ரொம்ப பிடிச்ச ஸ்டெப் எனக்கு இதுதான்.

டிராக்குக்கு (சக்கரங்கள சுத்தி ஓடற சங்கிலிப் பட்டை) கரும்பழுப்பு அடிச்சு, மேடான இடத்துல மட்டும் லேசா மெட்டல் கலர் டிரை பிரஷ். சக்கரத்தோட ரப்பர் விளிம்பு கரும் சாம்பல், முழு கறுப்பு இல்ல. பின்னாடி ரெண்டு புகைக்குழாய் இருக்கும், துருப்பிடிச்ச ஆரஞ்சு பழுப்பு.

தேய்மானம், சேறு

ஸ்பாஞ்ச ஒரு துண்டு பிய்ச்சு, கரும்பழுப்புல தொட்டு, டிஷ்யூல பாதிய எடுத்துட்டு, மட்கார்ட் ஓரத்துலயும் மூடி விளிம்புலயும் ஒத்துங்க. இன்னும் கொஞ்சம் வைக்கலாமேன்னு தோணும்போது நிறுத்திடுங்க. சேறும் அதே ஸ்பாஞ்ச்தான், மண் பழுப்புல, சக்கரத்துக்கும் அதுக்கு கீழயும். உங்க சிப்பாய் பொம்மை நிக்கற பேஸ்ல இருக்கற மண் கலரையே போட்டா ரெண்டும் ஒரே ஊர்ல நிக்கற மாதிரி இருக்கும்.

வார்னிஷ்

மேட் (பளபளப்பு இல்லாத) வார்னிஷ், பிரைமர் அடிச்ச அதே ஜாக்கிரதையோட. விளையாட்டுல கை பட்டுட்டே இருக்குமில்ல, இது இல்லன்னா விளிம்புல பெயின்ட் சீக்கிரமே போயிடும். காஞ்சப்புறம் டீசல் டிரம்முக்கு கீழ க்ளாஸ் வார்னிஷ்ல துளி பழுப்பு கலந்து ஒரு கோடு இழுத்தீங்கன்னா எண்ணெய் வழிஞ்ச மாதிரி மினுங்கும்.

சோவியத் பிளாட்டூனுக்கு மூணு டேங்க், கம்பெனிக்கு பத்து. முதல் டேங்க மட்டும் தனியா முழுசா முடிச்சு கலரெல்லாம் ஓகேவான்னு பார்த்துட்டு, மத்தத வரிசையா வச்சு ஒவ்வொரு ஸ்டெப்பா எல்லாத்துக்கும் சேர்த்து பண்ணுங்க, கடைசி டேங்குக்கு வாஷ் வைக்கறதுக்குள்ள முதல் டேங்க் பாதி காஞ்சிருக்கும்.